வலிக்கு ஒரு விரல்கடை கூட

இயேசு மரி சூசை

லகாட் ரோடு,
ஈப்போ.
28.10.1979

அன்பு மகள் பெட்ரீசியாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், கடையும் திறந்திருக்கிறது. நீயும் அந்தச் சீமைக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல், வேளைக்கு வயிறாரச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று செபமாலையில் ஒரு பத்துமணியை உனக்கென்றே ஒதுக்கிச் சொல்லி வருகிறேன்.

உன் கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. அம்மா ஏன் பதில் போடவில்லை என்று மனம் கலங்கியிருப்பாய். தீபாவளி வியாபாரத்தில் கை ஓயவில்லை என்று சாக்குச் சொல்லலாம், அதில் பாதி உண்மையும் உண்டு. மீதிப் பாதி என்னவென்றால் நீ கேட்டதற்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஊசி வைத்தியத்தில் கழுத்துவலி குறையாவிட்டால் உடனே எழுதுங்கள், டிசம்பரில் லீவு எடுத்து வந்து உங்களைக் கோலாலம்பூருக்குக் கூட்டிப்போய்ப் பெரிய டாக்டரிடம் ஆபரேஷன் பற்றிப் பேசுகிறேன், குறைந்துவிட்டால் மிட்வைஃப் பரீட்சையை முடித்துக்கொண்டு அடுத்த வருஷக் கடைசியில் வருகிறேன் என்று எழுதியிருந்தாய். நல்ல எண்ணத்தில்தான் எழுதினாய், எனக்குத் தெரியும். ஆனால் வலி இருந்தால் மகள் வருவாள், வலி போனால் வரமாட்டாள் என்று என் கழுத்துக்கு ஒரு விலை போட்டுவிட்டாய் பட்டு. வியாபாரம் பண்ணுகிறவளிடம் அப்படி விலை சொன்னால் அவள் சும்மா இருப்பாளா, உடனே மனதுக்குள் கூட்டிக் கழிக்க ஆரம்பித்துவிடுவாள். நானும் அதைத்தான் செய்தேன். அதையெல்லாம் விவரமாகச் சொல்ல நீல ஏரோகிராமில் இடம் போதாது என்றுதான் தாளில் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் வீட்டுச் சேதி. உன் அண்ணன் ஜோன் சுகம், முன்னைவிடத் தொப்பை வைத்திருக்கிறான். அண்ணி நவமணிக்கு இது எட்டாம் மாதம், கால் கொஞ்சம் வீங்குகிறது, உப்பைக் குறை என்று நீ எழுதியதைச் சொன்னேன், தலையை ஆட்டிவிட்டுக் கருவாட்டைத் தின்கிறாள். தீபாவளிக்கு ஜப்பான் நைலெக்ஸ் சேலை நன்றாக ஓடியது, தோட்டத்து ஜனங்கள் இப்போது வேன் பிடித்து டவுனுக்கே வந்து வாங்குகிறார்கள், நாம் தேடிப் போன காலம் போயிற்று. சரக்கு வைக்க இடமில்லாமல் ஜோன் உன் அறையைக் கேட்டான். நியாயமான கேள்விதான், ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கட்டிலில் துணிக்கட்டுகளை அடுக்கிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. கடையில் துணி நடைபாதை வரைக்கும் வழிந்து கிடக்க, நல்ல அறை ஒன்றைப் பூட்டி வைத்திருக்கும் வியாபாரி இந்த ரோட்டிலேயே நான் ஒருத்திதான் இருப்பேன். வாரம் ஒரு தடவை திறந்து, கூட்டி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு மூடுகிறேன்.

இனி கழுத்துக்கு வருகிறேன். இது எங்கே பிடித்த வலி என்று உனக்குத் தெரியும். உன் அப்பா டொமினிக் கண்ணை மூடிய பிறகு, பத்து காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டை விட்டுவிட்டு, ஈப்போவில் துண்டுத்துணி வாங்கிக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு சம்பள நாளுக்குச் சம்பள நாள் தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயம் லயமாக நடந்தேன். சிம்பாங் பூலாயில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அப்புறம் எல்லாம் கால்நடைதான், இடுப்பில் நீ, தலையில் மூட்டை. அந்த மூட்டைதான் இந்தக் கடையாயிற்று, அதே மூட்டைதான் இந்தக் கழுத்துவலியும் ஆயிற்று. எலும்பு தேய்ந்திருக்கிறது என்று எக்ஸ்ரே எடுத்தவர்கள் சொன்னதையும், கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தபோது வந்தவர்களெல்லாம் வீட்டில் என்ன சண்டை என்று ஜோனிடம் கேட்டதையும் முன்பே எழுதியிருக்கிறேன்.

ஊசி வைத்தியத்துக்கு நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று எழுதவில்லை. ஜெயபாலன் என்று ஒரு டாக்டர், சின்னப் பிள்ளைதான், உன் வயதுதான் இருக்கும், நம் கடைக்குத் திரைத்துணி வாங்க வந்தார். எதற்கு இவ்வளவு என்று பேச்சுக் கொடுத்தேன். சங்கத்து மண்டபம் ஒன்றை இரவல் வாங்கி, கட்டில் போட்டு, நாள்பட்ட கழுத்துவலிக்காரர்களுக்கு ஊசி குத்தி, அந்த ஊசியில் கரண்டு விட்டு, குணம் தெரிகிறதா என்று சோதிக்கப் போகிறாராம். ஒருத்தரை ஒருத்தர் பார்க்கக்கூடாது என்பதற்காகத் திரையாம். அப்படியானால் கெட்டித் துணி எடுங்கள் என்று நான் சொன்னேன், காற்று வராது அம்மா, வேர்த்துப் போவார்கள் என்று வெள்ளை மல் துணியையே எடுத்தார். விலையைக் குறைத்துக் கேட்கவும் தெரியவில்லை, பாவம். என் கழுத்தையும் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டேன், பெயரை எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம்தோறும் போனேன். லியோங் என்று ஒரு சீனக் கிழவர், சின்சே என்கிற சீன நாட்டுவைத்தியர், அவர்தான் ஊசி குத்துவது. தலைமயிர் மாதிரி மெல்லிய ஊசி. கழுத்தில், தோளில், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே. குத்தும்போது, சாக்கிட் தா அம்மா என்று வலிக்கிறதா என மலாயில் கேட்பார், இல்லை என்றால் சந்தோஷப்படுவார், ஆமாம் என்றால் அதைவிடச் சந்தோஷப்படுவார். ஊசியில் கவ்வி மாட்டிச் சின்னப் பெட்டிக்குக் கம்பி போகும், பெட்டியில் ஒரு விளக்கு எரியும். டாக்டர் முதல் நாளே எல்லோரையும் உட்காரவைத்து, சிலருக்கு நிஜமாகவே கரண்டு போகும், சிலருக்கு விளக்கு மட்டும்தான் எரியும், பெட்டியைத் திருகும் நர்ஸைத் தவிர எனக்குக்கூட யார் எவர் என்று தெரியாது, நீங்களும் ஒருத்தருக்கொருத்தர் விசாரிக்கக்கூடாது, கரண்டு கிடைக்காதவர்களுக்குச் சோதனை முடிந்ததும் கட்டாயம் கொடுப்பேன் என்று சொன்னார். அவர் திரைக்குள்ளே வரவே மாட்டார், வெளியே மேசை போட்டு அளப்பது மட்டும்தான். உனக்கு இந்த முறையெல்லாம் தெரிந்திருக்கும், எனக்குப் புதிது. சரக்கு நல்லதா என்று பார்க்கப் பாதிப் பேருக்கு வெறும் பொட்டலத்தைக் கொடுப்பது என்பது நான் கேள்விப்படாத வியாபாரம்.

எனக்கு எது என்று தெரிந்துகொள்ள முதல் சனிக்கிழமையே போதுமாக இருந்தது. தோள்சதை டுக் டுக்கென்று துள்ளியது, கண்ணாடி விரியன் கடித்தால்கூட அப்படித் துள்ளாது. பக்கத்துக் கட்டிலில் ராக்காயி. உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, நம் லயத்துக்குக் கடைசி வீடு, காண்டா கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளியை மாட்டித் தோளில் சுமந்தே கழுத்தும் தோளும் போனவள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிறாள். நடுவில் தொங்கியது நான் விற்ற துணி. அதில் எவ்வளவு தெரியும் எவ்வளவு தெரியாது என்று என்னைக் கேட்டால்தானே. அவள் தோள் ஆடவே இல்லை, குறட்டைதான் வந்தது. அடியே ராக்காயி உனக்குத் துள்ளுதா என்று மெல்லக் கேட்டேன். சும்மா இருங்கக்கா, நானே இன்னிக்குத்தான் ஃபேன் காத்துல படுத்திருக்கேன், துள்ளுனா என்ன துள்ளாட்டி என்ன லா என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் தூங்கிவிட்டாள். அவளுக்குக் கரண்டு இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

ஊசி எடுத்ததும் டாக்டர் மேசைக்குப் போக வேண்டும். தாளில் ஒரு நேர்க்கோடு போட்டிருப்பார், இந்த முனை வலியே இல்லை, அந்த முனை உயிர் போகிற வலி, இன்றைக்கு உங்கள் வலி எங்கே நிற்கிறது என்று பென்சிலால் குறுக்கே ஒரு கீறல் போடச் சொல்வார். பிறகு அந்தக் கீறல் எவ்வளவு தூரம் என்று ஸ்கேல் வைத்து அளப்பார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆயுசு முழுக்கத் துணி அளந்தவளிடம் வலியை அளந்து கொடு என்கிறார். நான் துணி அளக்கும்போது கஜக்கோல் முடியும் இடத்தில் ஒரு விரல்கடை கூட விட்டுத்தான் கிழிப்பேன், வாங்குகிறவர்கள் மனம் குளிரும், அளவில் ஏமாற்றினாள் என்ற பேச்சு வராது. கை அப்படிப் பழகிவிட்டது. முதல் நாள் வலி நின்ற இடத்தைப் பார்த்து வைத்தேன், ஒரு விரல்கடை கூடத் தள்ளிக் கீறினேன். அன்றைக்கு அது பழக்கம்தான், பொய்யில்லை. அடுத்த வாரம் உன் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு அது பழக்கம் இல்லை பட்டு.

வலி குறைந்துகொண்டேதான் வந்தது. முதலில் பூசையில் தெரிந்தது. பிரசங்கத்தின்போது பின்னால் யாரோ தும்மினார்கள், நான் பாட்டுக்குத் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டேன். உடம்பைத் திருப்பவில்லை, தலையை மட்டும். எனக்கே பயமாக இருந்தது. அப்புறம் மேல்தட்டில் இருந்து துணி உருட்டை எடுக்க அண்ணாந்தேன், மின்னல் வெட்டவில்லை. ஜோன் கண்டுபிடித்துவிட்டான். அம்மா, முன்னெல்லாம் என்னைத் திட்டணும்னா நாற்காலியோட திரும்புவீங்க, இப்ப தலைய மட்டும் திருப்பித் திட்டுறீங்க, வைத்தியம் வேலை செய்யுது லா என்றான். உன் வேலையைப் பாரு என்று அதே மாதிரி தலையைத் திருப்பித்தான் திட்டினேன். ஆனால் சனிக்கிழமை அந்தக் கோட்டின் முன்னால் உட்கார்ந்தால் என் கை பழைய இடத்துக்கே போய்க் கீறும். டிசம்பர், கிறிஸ்துமஸ், சுபாங் விமானத்தளத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டியைத் தள்ளிக்கொண்டு நீ வருவது, நவமணி பிள்ளையை உன் கையில் கொடுப்பது, இது எல்லாம் அந்தப் பென்சில் முனையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஆறு வருஷமாகிறது நீ போய். உன் கடிதத்தில் முதல் வரி எப்போதும் அம்மா கழுத்து எப்படி இருக்கிறது என்றுதான் இருக்கும். அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். வலி போய்விட்டால் நீ முதல் வரியில் என்ன கேட்பாய் என்று யோசித்திருக்கிறேன், பைத்தியம் மாதிரி.

போன மாதக் கடைசியில் டாக்டர் பிடித்துவிட்டார். கழுத்து எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்க ஒரு கருவி வைத்திருக்கிறார், தலையோரம் பிடித்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பச் சொல்வார். அதை அளந்தார், என் கோட்டைப் பார்த்தார், பழைய தாள்களைப் பார்த்தார். அம்மா, உங்க கழுத்து ஒன்னு சொல்லுது, உங்க பென்சில் வேற ஒன்னு சொல்லுது, நான் எத நம்புறது என்று கேட்டார். எது லாபமோ அத நம்புங்க டாக்டர் என்று சிரித்து மழுப்பப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. வலிச்சா வலிக்குதுன்னு போடுங்க, வலிக்கலன்னா இல்லன்னு போடுங்க, எனக்கு ரெண்டுமே ஒன்னுதான், ஆனா பொய் மட்டும் வேணாம்மா, இது நெசமாவே கேக்குதுன்னு தெரிஞ்சா தோட்டத்து ஜனங்களுக்கு ஆஸ்பத்திரியிலயே இதச் செய்யச் சொல்லிக் கேக்கப் போறேன், கேக்கலன்னா அவங்க காசையும் நேரத்தையும் கெடுக்காம விட்டுடுவேன், அதுக்குத்தான் இவ்வளவு பாடு என்றார். எனக்கு முகம் வெந்துவிட்டது. என்னிடம் சாயம் போகிற துணியை நல்ல துணி என்று யாராவது தள்ளிவிட்டால் நான் எப்படிக் கத்துவேன், அதையே இந்தப் பிள்ளைக்கு நான் செய்திருக்கிறேன். உன்னைப் பற்றிச் சொன்னேன், உன் கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். பழைய தாள்களை மறுபடி புரட்டிக்கொண்டே, அப்ப இதுவரைக்கும் போட்ட கோடெல்லாம் என்று இழுத்தார். எல்லாத்துலயும் ஒரு விரல்கடை கழிச்சுக்குங்க, கடைசி நாலு வாரம் மட்டும் மூணு விரல்கடை என்றேன். தலையில் கைவைத்துக்கொண்டார். அம்மா இது துணி இல்லம்மா என்றார், அப்போதுதான் சிரிப்பும் வந்தது அவருக்கு. சிரித்தாலும் என்னைச் சோதனையில் இருந்து நீக்கிவிட்டார். உங்களுக்கு ஊசி தொடர்ந்து குத்துறேன், ஆனா உங்க அளவ நான் கணக்குல சேக்க முடியாது என்று சொல்லிவிட்டார். இத்தனை வருஷத்தில் என் அளவு செல்லாது என்று ஒருத்தர் சொன்னது இதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

போன வாரம் சோதனை முடிந்தது. யாருக்குக் கரண்டு போனது, யாருக்குப் போகவில்லை என்று நர்ஸ் பிரித்துச் சொன்னாள். கரண்டு போனவர்களுக்கு மொத்தத்தில் கூடுதலாகக் குணம் தெரிகிறதாம், ஆனால் போகாதவர்களிலும் சிலருக்கு நன்றாகவே குறைந்திருக்கிறதாம், இன்னும் நிறையப் பேரை வைத்துப் பார்க்காமல் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்தச் சிலரில் ஒருத்தி ராக்காயி. அவள் கோடு பாதிக்குமேல் இறங்கியிருக்கிறது, தோளைத் தூக்கித் தலைவாருகிறாள், நானே பார்த்தேன். உங்களுக்குக் கரண்டே போகவில்லை, இனிமேல் நிஜமாகவே வைக்கிறேன் வாருங்கள் என்று டாக்டர் கூப்பிட்டார். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கரண்டு கெடக்குதுங்க ஐயா, நீங்க வாராவாரம் பேரச் சொல்லிக் கூப்பிட்டு ஒக்கார வச்சு எங்க வலிக்குதுன்னு கேட்டீங்க பாருங்க, எம்புருசன் செத்ததுல இருந்து ஒரு நாயி அதக் கேக்கல, சனிக்கிழமை நான் வந்துட்டுப் போலாமா, அது போதும் என்றாள். அவளுக்கு மகன் சித்தியவானில்தான் இருக்கிறான், ஒரு பஸ் தூரம், வருஷத்துக்கு ஒரு தடவைகூட எட்டிப் பார்ப்பதில்லை. டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வாங்கம்மா என்றார். நான் அவளைக் கையோடு கூட்டிவந்து நம் கடையில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். முதலாளியம்மா கண்ணு ஏன் செவந்திருக்கு, அதுக்கும் ஊசி குத்திக்கிட்டீங்களா என்று கேட்டாள் திமிர் பிடித்தவள். இனிமேல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு அவளுக்கு நம் வீட்டில்தான், நவமணியிடம் சொல்லிவிட்டேன்.

ஆகவே பட்டு, நீ கேட்டதற்குப் பதில். என் கழுத்துவலி குறைந்துவிட்டது. முழுக்கப் போகவில்லை, மழைநாளில் விடியற்காலையில் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிறது, வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் விட்டுவிடுகிறது. ஆபரேஷன் தேவையில்லை, கோலாலம்பூர் போக வேண்டியதில்லை. சந்தேகமாக இருந்தால் ஜெயபாலன் டாக்டருக்கு நீயே எழுதிக் கேள், நர்ஸ் என்று சொன்னால் விவரமாகவே எழுதுவார். நீ சொன்ன பேச்சுப்படி பார்த்தால் நீ இந்த டிசம்பரில் வரவேண்டிய அவசியம் இல்லை. பரீட்சைதான் முக்கியம் என்றால் இரு, படி, நன்றாக எழுது. உன் படிப்பைக் கெடுத்தேன் என்ற பேர் எனக்கு வேண்டாம்.

ஆனால் நான் கேட்காமல் விட்டால் அதுவும் அளவில் குறைவுதான், அதனால் கேட்டுவிடுகிறேன். லீவு கேட்டால் உங்கள் மேட்ரன் காரணம் எழுதச் சொல்வாள் என்று முன்பு ஒருமுறை எழுதியிருந்தாய். கழுத்து என்று எழுதாதே, அது இனிமேல் பொய். அம்மா சௌக்கியமாக இருக்கிறாள், அவளைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்று எழுது. அந்த நாட்டில் அதற்கெல்லாம் லீவு உண்டா என்று எனக்குத் தெரியாது. கொடுத்தால் வா. கொடுக்காவிட்டால் வரவில்லை என்று எழுது, கோபப்படமாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன், கோபப்படுவேன், ஒரு வாரம் யாரோடும் பேசமாட்டேன், ஜோன்தான் மாட்டிக்கொள்வான். அப்புறம் சரியாகிவிடும், எலுமிச்சை ஊறுகாயும் இறால் சம்பாலும் கட்டி அனுப்பிவைப்பேன்.

அப்பாவுக்கு ஆத்துமாக்கள் திருநாள் வருகிறது, அங்கே கோயிலில் ஒரு மெழுகுவத்தி கொளுத்து, நாங்கள் இங்கே கல்லறைக்குப் போய்ப் பூ வைக்கிறோம். ராத்திரி டியூட்டி முடிந்து தனியாக நடந்து வராதே. கம்பளிக் காலுறை ஓட்டை விழுந்தால் தைத்துக்கொண்டிராமல் புதிதாக வாங்கு. மாதாவும் சூசையப்பரும் உன் பக்கத்திலேயே இருந்து, நீ தொட்ட பிள்ளைகளெல்லாம் சுகமாகப் பிறந்து, உன் கையும் காலும் நோகாமல் ஆண்டவர் உன்னைக் காப்பாற்றட்டும். அடுத்த கடிதத்தில் முதல் வரியில் கழுத்தைக் கேட்காதே. வருகிறாயா இல்லையா என்று முதல் வரியிலேயே எழுதிவிடு, மற்றதையெல்லாம் அதற்குப் பிறகு நிதானமாகப் படித்துக்கொள்கிறேன்.

உன்னைப் பார்க்க ஆசையாய் இருக்கும் அம்மா,
டொ. பெரியநாயகம்